பன்னிரண்டு போர்

கார்த்திகைக் கடைசியில் அலியன் வந்தான்.
குசினிச் சுவரில் தோளைச் சாய்த்தான்,
அவ்வளவுதான். சுவர் உட்கார்ந்துவிட்டது.
இரண்டு மூட்டை நெல், உப்புச் சாடி,
யதுசாவின் பள்ளிப் பையிலிருந்த ஒரு வாழைப்பழம்.

திணைக்களம் தந்த யானைவெடி ஆறு
அடுப்புக்கு மேலே காயக் கட்டியிருந்தேன்.
தம்பலகாமத்து மாரியில் எது காயும்?
திரி சீறியது, நனைந்த பூனைபோல,
பிறகு செத்தது.
யானை தும்மல் கேட்டதுபோல் திரும்பிப் பார்த்தது.

அதனால்தான்
திருகோணமலைக்கு முதல் பஸ் எடுத்தேன்.

ஜவ்பர் நானா எண்ணெய்ச் சீலையில் மூன்றைக் கிடத்தினார்.
மாரிக்கு எது நல்லது என்று கேட்டேன்,
குடை வாங்க வந்தவள் மாதிரி.
"ரெட்டைக்குழல் பாரம் தங்கச்சி, விலையும் ஒரு வயல்.
இந்த ஒற்றைக்குழல் பழசு, ஆனா பூட்டு இறுக்கம்.
கடற்காத்து துவக்குக்குச் சீனி வருத்தம்,
சத்தமில்லாமத் தின்னும். கிழமைக்கு ஒருக்கா துடைங்க.
கடதாசித் தோட்டா வேணாம்,
ஈரத்தில ஊதினா குழலுக்குள்ள போகாது.
மார்கழி விடியப்புறம் கை விறைச்சா
விரல் சொன்ன பேச்சுக் கேக்காது, அதையும் யோசிங்க."

தூக்கிப் பார்க்கச் சொன்னார்.
தோளில் வைத்தேன்.
அந்த எண்ணெய் மணம்.
சோதனைச்சாவடி வரிசைகளில்
சப்பாத்துகளை மட்டும் பார்த்து நின்ற வருடங்களில்
மூக்குக்கு வந்து வந்து போன மணம்.
அப்போதெல்லாம் நான் மற்ற முனையில்.
இந்தப் பக்கம் இவ்வளவு பாரம் என்று
எவரும் சொல்லியிருக்கவில்லை.

கச்சேரியில் படிவம்.
என்ன காரணம்?
யானை.
யானை மட்டும்தானா?
எழுதுவினைஞர் அடையாள அட்டையைப் பார்த்தார்,
பிறந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி பிறந்த இடத்தை.
ஆயுதப் பயிற்சி பெற்றவரா? இல்லை.
ஈரக் கடதாசியில் பேனை சிக்கி
'இல்லை'யில் ஓர் ஓட்டை விழுந்தது.
குடும்பத்தில் எவரேனும்?
அதற்கு விட்டிருந்த பெட்டி சின்னது.
தம்பி ஆறடி.

துவக்கின் வகை என்ற இடத்தில்
'12 போர்' என்று அவரே எழுதினார்.
வீட்டில் யதுசா எழுத்துக்கூட்டினாள்:
"பன்னிரண்டா அம்மா?
எங்கட புத்தகத்தில அவ்வளவு இல்லையே."
அது குழல்வாயின் அளவு, பிள்ளை, என்றேன்.
வேறென்ன சொல்ல?

விதானை, பொலிஸ், மறுபடி கச்சேரி.
நெல் பால்பிடிக்கும் நேரம் லைசன்ஸ் வந்தது.
துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே துவக்கு,
அரிசிப் பீப்பாவின் அடியில் ஐந்து தோட்டா.
அன்றிலிருந்து இரவில் மூன்று தரம் எழும்புகிறேன்:
கதவின் கொளுக்கி, பிள்ளையின் போர்வை, அலுமாரி.
காவலுக்கு வாங்கியதற்கும் ஒரு காவல்.
அதன் சம்பளமும் நான்தான்.

மார்கழி இருபதோ இருபத்தொன்றோ.
தலையில் துவாய் கட்டியும் காது குளிர்ந்த இரவு.
புதுச்சுவருக்கு வெளியே ஒரு பெருமூச்சு.
ரோச் அடித்தேன். மழையில் நின்றான்,
முதுகிலிருந்து ஆவி பறந்தது.
அவனுக்கும் குளிர்தான்போல.
விரல் ஜவ்பர் நானா சொன்னபடியே
பேச்சுக் கேட்கவில்லை.
வாயால் ஊதி ஊதிச் சூடாக்கி,
குழலை வானத்துக்குத் தூக்கி

ஒன்று.

யானை போய்விட்டது,
அவசரமில்லாமல், வரம்பை மிதித்துக்கொண்டு.

ஆனால் வயலுக்கு அப்பால்
ரிபாய்தீன் வீட்டு லைட் அணைந்தது.
அடுத்து கோணலிங்கம் வீடு.
வாய்க்கால் ஓரத்து மூன்று வீடுகளும்
ஒன்றன்பின் ஒன்றாய், ஆள் சொல்லாமலே.
நாய்கூடக் குரைக்கவில்லை.
நானும்தான்: சுட்டவள் நான்,
தோள் இன்னும் நோகிறது,
என் கை சுவிட்சைத் தேடிப்போய் அணைத்துவிட்டு நிற்கிறது.

இருட்டில் யதுசா கண்ணைக் கசக்கி எழும்பினாள்.
அந்தப் பழக்கம் அவளுக்கு இல்லை.
"ஏன் எல்லாரும் நூத்திட்டினம்?" என்றபடி
லைட்டைப் போட்டாள்.